மீண்டெழுந்த புற்றும் உள்ளிட்ட கதிர்விதையும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியன் ஒருவன் மேடையேறினால் செய்யுளொன்றைச் சொல்லி, அதற்குப் பதவுரையும் பொழிப்புரையும் விரிப்பான் என்று எதிர்பார்த்தே வந்திருப்பீர்கள். இன்று அது செய்யோம். யாம் மருத்துவம் கற்றவரல்லோம். எம் பெரிய தந்தையாருடன் மருத்துவமனைதோறும் அலைந்த காலத்தில் கேட்டும், படித்தும், கேட்டது விளங்காதவிடத்து மறுமுறை வினவியும் அறிந்தவற்றையே சொல்ல எழுந்தோம். அவர் இசைவு பெற்றே சொல்கின்றோம். "என் பெயரை மட்டும் விட்டுவிடு தம்பி, மற்றதெல்லாம் சொல். நம்மவர்கள் வெட்கப்பட்டே சாகிறார்கள்" என்பது அவர் மொழி. அவர் யாரென்று இவ்வவையிற் பாதிப்பேருக்குத் தெரியும். தெரியாதவர் போலவே கேட்டிருக்க வேண்டுகின்றோம்.

ஆண்மக்கள் உடலில் நீர்ப்பையின் கீழே, மலக்குடலின் முன்னே, சிறுநீர் இறங்கும் குழாயைச் சுற்றி ஒரு சுரப்பி உண்டு. அளவில் ஓர் அக்கரோட்டுக் கொட்டை போன்றது. புராஸ்டேட் என்பது அதன் பெயர். கிரேக்க மொழியில் 'முன்னிற்பவன்' என்று அச்சொல்லுக்குப் பொருள். நீர்ப்பையின் முன் காவலன்போல் நிற்றலின் அப்பெயர் பெற்றது. காவலனே கள்வனாவதும் உண்டு. வயது முதிர்ந்த ஆடவர்க்கு இச்சுரப்பியிற் புற்று எழுகின்றது. அது பெரும்பாலும் மெல்ல வளர்வது. சிலரிடத்து விரைந்து எலும்பிற் பரவுவது.

எம் பெரிய தந்தையாருக்கு 2016-ஆம் ஆண்டில் இந்நோய் கண்டது. அறுவை வேண்டாவென்று கதிர்ச்சிகிச்சை பெற்றார். நம் ஊர்ப்பக்கத்தார் அதனைக் 'கரண்டு வைத்தல்' என்பர். மின்சாரத்தை உடம்பில் ஏற்றுவதாக நினைத்து அஞ்சுவோரும் உளர். அஃதன்று, புறத்தே நிற்கும் பெரிய பொறியிலிருந்து கண்ணுக்குப் புலனாகாக் கதிரைச் சுரப்பியின்மேல் குவிப்பதே அது. வாரத்திற்கு 5 நாளாக 39 முறை சென்று வந்தார். பலசரக்குக் கடையை ஒருநாளும் மூடாமல் சென்று வந்தார் என்பதையும் சொல்லிவிடுதல் நன்று. அவர் அதனை இன்னும் பெருமையாகச் சொல்வார்.

இந்நோயைத் தொடர்ந்து காவல் செய்வதற்கு ஒரு குருதிச் சோதனை உண்டு. அதனைப் பி.எஸ்.ஏ. என்பர். அச்சுரப்பி மட்டுமே மிகுதியாகச் சுரக்கும் ஒரு புரதத்தின் அளவு அது. கதிர் வைத்தபின் அவ்வளவு மெல்ல மெல்ல இறங்கும். ஓராண்டு, ஈராண்டு, சிலர்க்கு அதற்கு மேலும் இறங்கிக்கொண்டேயிருக்கும். பெரியப்பாவுக்கு 2018-இல் அது 0.4 ஆயிற்று. 2020-இல் 0.9. 2022-இல் 1.7. 2023-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் 2.9.

ஈண்டுதான் எம் மனம் இன்றும் ஆறாத செய்தி ஒன்று உள்ளது. அத்தாள்கள் நான்கிலும், எண்ணுக்குப் பக்கத்தில், '0 முதல் 4 வரை இயல்பு' என்று அச்சிட்டிருந்தது. குருதி எடுத்த இடத்தில் இருந்தவரும் "நார்மல்தான் ஐயா, கவலை வேண்டாம்" என்று சொல்லியனுப்பினார். பெரியப்பாவும் அத்தாள்களை மடித்துப் பஞ்சாங்கத்தினுள் செருகிவிட்டு வாளாவிருந்தார். பெரியம்மாவிடமும் சொல்லவில்லை, திருப்பூரில் இருக்கும் மகனிடமும் சொல்லவில்லை. இயல்பென்று எழுதியிருக்கும்போது சொல்வதற்கு என்ன இருக்கின்றது?

அன்பர்களே, அந்த '4' என்னும் எல்லை கதிர் பெறாத ஆடவர்க்கு உரியது. கதிர் பெற்றவர்க்கு அது பொருந்தாது. அவர்க்குரிய கணக்கு வேறு. அவரது எண் இறங்கிய மிகத் தாழ்ந்த படி யாது என்று பார்த்து, அதனோடு 2 கூட்டவேண்டும்; எண் அவ்வளவை எட்டுமாயின், நோய் மீண்டதெனக் கொள்ளவேண்டும். அமெரிக்க நாட்டுப் பீனிக்ஸ் நகரிற் கூடிய வல்லுநர் வகுத்து, 2006-இல் வெளியிட்ட விதி இது. பெரியப்பாவின் தாழ்ந்த படி 0.4, இரண்டு கூட்ட 2.4. அவர் கையிலிருந்த தாளிலோ 2.9. மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் போடும் கணக்கு! அதனைப் போட்டுப் பார்க்க அந்தத் தாளில் இடமில்லாமற் போயிற்று. பஞ்சாங்கத்தில் நல்ல நேரம் பார்க்கப் புகுந்த யாம் தற்செயலாக அத்தாள்களைக் கண்டிராவிடின், இன்னும் எத்தனை ஆண்டு அவை அங்கே கிடந்திருக்குமோ, அறியோம்.

ஏற்றமெல்லாம் மீட்சியென்று நடுங்கவும் வேண்டா. கதிர் வைத்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் எண் சற்றே துள்ளி ஏறித் தானே இறங்குவதும் உண்டு. ஆதலின் ஒரு தாளைக் கொண்டு முடிவு செய்யலாகாது. பழைய தாள்களனைத்தையும் வரிசையாக வைத்தே மருத்துவர் பார்ப்பர். பழைய தாள்களை எரித்துவிடாதீர்கள்.

நிற்க. எண் ஏறியது. அடுத்து யாது செய்வது? யாம் முதலிற் கண்ட மருத்துவர் ஆண்மைச் சுரப்புநீரை அடக்கும் ஊசியை உடனே தொடங்கலாம் என்றார். அது தவறான மருந்தன்று. ஆண் இயக்குநீரை அடக்கினால் இப்புற்று ஒடுங்கும் என்பதைச் சார்லஸ் ஹக்கின்ஸ் என்பார் 1941-இல் மெய்ப்பித்தார். அதற்காக 1966-இல் நோபெல் பரிசும் பெற்றார். ஆயின் அவ்வூசி நோயை அடக்குமேயன்றி வேரறுப்பதன்று; எலும்பு மெலிதலும் உடல் சோர்தலும் அதனுடன் வருவன. நோய் எங்கே இருக்கிறதென்று பாராமலே அதனைத் தொடங்குவது முறையா என்னும் ஐயம் எமக்கு எழுந்தது. வேறொரு நகரத்தில் இரண்டாம் மருத்துவர் ஒருவரைக் கண்டோம். அவர் கேட்ட முதற்கேள்வியே அதுதான். "புற்று வீட்டுக்குள்ளேயே இருக்கிறதா, தெருவுக்குப் போய்விட்டதா? அதைத் தெரிந்துகொண்டுதான் பேசவேண்டும்" என்றார்.

அதற்கென இந்நாளில் நல்ல கருவிகள் உள்ளன. எம்.ஆர்.ஐ. என்னும் காந்தப்படம் சுரப்பியினுள் நோயிருக்கும் மூலையைக் காட்டும். பி.எஸ்.எம்.ஏ. பெட் என்னும் படம் எலும்பிலோ நெறிக்கட்டிகளிலோ பரவியிருப்பின் அதனைக் காட்டும். இவற்றின்பின் ஊசியால் சிறிது தசையெடுத்துப் பார்த்தே உறுதி செய்வர். கதிர் வைத்து இரண்டாண்டு கழியுமுன் தசையெடுத்துப் பார்த்தல் மயக்கந்தரும். சாகும் தறுவாயிலுள்ள உயிரணுக்கள் உயிருள்ளவைபோல் தோன்றும் என்பர். பெரியப்பாவுக்கு ஏழாண்டு கடந்திருந்தது. நோய் சுரப்பியினுள்ளேயே, முன்பு இருந்த அதே இடப்பக்கத்தில் இருந்தது. கதிருக்குப் பின் மீளும் நோய் பெரும்பாலும் முதலில் தலைமையாயிருந்த கட்டியின் இடத்திலேயே மீள்கின்றதாம். பகைவன் ஒளிந்திருந்த குகையிலேயே மீண்டும் எழுந்தான்.

புறத்திலிருந்து மீண்டும் கதிரைப் பாய்ச்சலாமே எனின், அங்கேதான் இடர். புறத்திலிருந்து வரும் கதிர் தோலையும் தசையையும் கடந்தே சுரப்பியை அடையவேண்டும். அருகிலுள்ள மலக்குடலும் சிறுநீர்க்குழாயும் முன்னரே தம்மால் தாங்கக்கூடிய அளவுக்கு வாங்கியிருக்கின்றன. அவை மறப்பதில்லை. அவற்றை விலக்கி, நோயின்மேல் மட்டும் மிகுதியாகக் கதிர் படவேண்டுமாயின், விளக்கை நோயின் உள்ளேயே ஏற்றவேண்டும்.

அந்த எண்ணம் பழையது. கியூரி இணையர் ரேடியத்தைக் கண்டது 1898-இல். பெக்கரல் என்னும் அறிஞர் ரேடியக் குழாயொன்றைச் சட்டைப்பையில் வைத்துத் திரிந்து தோல் புண்பட்டார். அச்செய்தியை 1901-இல் வெளியிட்டனர். தோலைச் சுடுவது கட்டியையும் சுடுமன்றோ எனப் பாரிசு மருத்துவர் கருதினர். தொலைபேசியைக் கண்ட கிரகாம் பெல் 1903-இல் எழுதிய ஒரு கடிதத்தில், ரேடியத்தைச் சிறு கண்ணாடிக் குழாயில் அடைத்துப் புற்றின் நடுவிலேயே வைத்துப் பார்த்தாலென்ன என்று வினவினார். நியூயார்க்கு மெமோரியல் மருத்துவமனையில் பாரிங்கர் என்பார் முதல் உலகப்போர்க் காலத்திலேயே ரேடிய ஊசிகளை இச்சுரப்பியினுள் செலுத்தினார். பின் 1970-களில் அதே மருத்துவமனையில் விட்மோர் என்பார் வயிற்றைத் திறந்து, கைம்மதிப்பாக அயோடின் விதைகளைப் பதித்தார். கண்ணாற் காணாது ஊன்றிய நாற்றுப்போல் அவை ஓரிடத்திற் செறிந்தும் ஓரிடத்திற் கலந்தும் கிடந்தன. செறிந்தவிடம் புண்ணாயிற்று, கலந்தவிடத்தில் நோய் பிழைத்தது. அம்முறையைக் கைவிடும் நிலையும் வந்தது. டென்மார்க்கு நாட்டு ஹோம் என்பார் 1983-இல் மலக்குடல் வழியே ஒலியலைக் கருவி வைத்து, ஊசி செல்லும் வழியைத் திரையிற் கண்டுகொண்டே பதிக்கும் முறையை வெளியிட்டார். அதன்பின் அமெரிக்கச் சியாட்டில் நகரத்தார் அதனைச் செம்மை செய்தனர். எண்ணம் முதலில் தோன்றியது. கண் பின்னர் வந்தது.

விதையைப் பற்றி ஒரு சொல். பெரியப்பாவுக்கு 'விதை வைக்கப் போகிறார்கள்' என்று யாம் உறவினர்க்குச் சொன்னபோது, எம் மாமன் ஒருவர் திடுக்கிட்டு, "விதையை எடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், வைப்பார்களா?" என்றார். அவர்மேற் குற்றமில்லை. ஆணுறுப்பின் விதைகளை அகற்றுவதும் இந்நோய்க்கு ஒரு பழைய சிகிச்சையே. ஊசி செய்யும் வேலையை அது கத்தியாற் செய்வது. இங்கே யாம் சொல்வது வேறு விதை. அது 4.5 மில்லிமீட்டர் நீளம், 0.8 மில்லிமீட்டர் தடிப்புள்ள டைட்டானியக் கூடு, நெல்லினும் சிறியது. அதனுள் அயோடின்-125 என்னும் கதிர்வீசும் பொருள் அடைபட்டிருக்கும். நோயாளியை மயக்கி, கால்களை உயர்த்தி, சல்லடைபோல் துளையிட்ட பலகையொன்றை விதைப்பைக்கும் எருவாய்க்கும் இடைப்பட்ட தோலருகே நிறுத்தி, அத்துளைகளின் வழியே ஊசிகளைச் செலுத்துவர். ஒவ்வோர் ஊசியும் முன்பே கணக்கிட்ட ஆழத்தில் விதைகளை விட்டுத் திரும்பும். முழுச்சுரப்பிக்காயின் ஏறத்தாழ நூறு விதைகளும் ஆகும். நோயுள்ள பாதிக்கு மட்டும் வைப்பாரும் உளர். வைத்த விதையை எடுப்பதில்லை. அது அங்கேயே கிடந்து அவியும்.

அவிவதற்கும் கணக்கு உண்டு. அயோடின்-125 ஏறத்தாழ 60 நாளில் பாதியாகும். 120 நாளிற் காலாகும். 180 நாளில் அரைக்காலாகும். பத்துமுறை பாதியானால், அஃதாவது 600 நாளில், ஆயிரத்தில் ஒரு பங்கே எஞ்சும். அதன் கதிர் வலுவற்றது. சில மில்லிமீட்டர் கடப்பதற்குள் பெரிதும் தேய்ந்துவிடும். தொலைவு இருமடங்கானால் நாலில் ஒன்று, மும்மடங்கானால் ஒன்பதில் ஒன்று என்று குறையும் இயல்போடு, தசையும் அதனை விழுங்குகின்றது. நோயின்மேல் வெயிலும் குடலின்மேல் நிழலுமாக வைக்க முடிவது இதனாலேதான். 'வைக்க முடிவது' என்றோம். எப்போதும் முடிகிறதென்று சொல்லவில்லை.

இனி இதன் பயனும் விலையும். ஒருமுறை கதிர் பெற்று மீண்டும் விதை பெறுவோரைப் பற்றி வடஅமெரிக்காவில் முறைப்படி ஓர் ஆய்வு நடந்தது. ஆர்.டி.ஓ.ஜி. 0526 என்பது அதன் குறி. தலைமை வகித்தவர் கனடா நாட்டு ஜுவானிட்டா குரூக் என்னும் அம்மையார். 2007 முதல் 2014 வரை 100 பேரைச் சேர்த்தனர். கண்டவரையெல்லாம் சேர்க்கவில்லை, கதிர் பெற்று 30 மாதம் கடந்தவர், தசைச்சோதனையால் நோய் உறுதியானவர், பி.எஸ்.ஏ. 10-க்குக் குறைந்தவர், வேறிடம் பரவாதவர் ஆகியோரையே சேர்த்தனர். கணக்கிற்குரியவராக நின்றோர் 92 பேர். பத்தாண்டின் முடிவிற் கண்டதாவது: சுரப்பியிலேயே நோய் மறுபடி தலைதூக்கியது 100-க்கு 5 பேரிடத்து, வேறிடம் பரவியது 19 பேரிடத்து, பி.எஸ்.ஏ. மீண்டும் ஏறியது 46 பேரிடத்து. உயிரோடிருந்தோர் 70 பேர். சிறுநீர்வழியிலோ குடல்வழியிலோ, காலந்தாழ்த்துக் கடுந்துன்பம் உற்றவர் 100-க்கு 14 பேர்.

இவ்வெண்களை யாம் பெரியப்பாவுக்கு அப்படியே படித்துக் காட்டினோம். அவர் கடைக்காரர், இலாப நட்டம் அறிந்தவர். "நூற்றுக்கு நாற்பத்தாறு பேருக்குத் திரும்ப ஏறுகிறதே, அப்புறம் எதற்கு?" என்று கேட்டார். அக்கேள்வி நேர்மையானது. மருத்துவர் மழுப்பாமல் விடையளித்தார்: நோய் கண்ணுக்குத் தெரியாமல் முன்னரே வெளியேறியிருந்தால் விதை அதனைத் துரத்தாது, உள்ளேயே இருந்தால் ஊசி மருந்தின்றிப் பல்லாண்டு கழிக்கலாம், எவர் எவ்வகையென்று முன்னமே அறிய முழுவழியில்லை. சுரப்பியை அறுத்தெடுத்தல், உறையவைத்துக் கொல்லுதல், ஒலியலையாற் சுடுதல் ஆகிய பிறவழிகளையும் சொன்னார். 2021-இல் 150 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தோர், ஐந்தாண்டு நோயின்றியிருப்பதில் இவ்வழிகளுக்குள் பெரிய ஏற்றத்தாழ்வு காணவில்லை. ஆயின் கடுமையான சிறுநீர்த் துன்பம் அறுவையிலும் ஒலியலையிலும் 100-க்கு 21-ஐக் கடந்தது. மறுகதிர் வகைகளில் 4 முதல் 8 வரை நின்றது. நோய் மெல்ல ஏறுமாயின், வயது மிகுந்தவர் ஒன்றும் செய்யாது காத்திருத்தலும் அறிவுடைய வழியே என்றும் அவரே சொன்னார்.

பெரியப்பா ஒரு வாரம் யோசித்தார். பின் விதையையே தேர்ந்தார். 2023 ஆகஸ்டில், 69-ஆம் வயதில், விதைகளை வைத்தனர். வைத்ததை வெற்றிக்கதையாகச் சொல்ல மாட்டோம். ஒன்பது நாள் சிறுநீர்க்குழாய் மாட்டியிருந்தனர். ஐந்து மாதம் எரிச்சல்; இரவில் ஆறேழு முறை எழுவார். திருமணப் பந்தியில் உட்கார மறுத்தார். இத்துன்பம் முதற்கதிரில் அவர் காணாதது.

வீட்டார்க்குச் சில செய்திகள். இவை கையேட்டில் ஒரு மூலையிற் கிடக்கும், ஆதலின் விரித்துரைக்கின்றோம். விதை வைத்தவர் தொட்டால் ஒட்டாது. தட்டு, பாய், துணி ஒன்றையும் பிரிக்க வேண்டா. முதல் இரண்டு மாதம் கைக்குழந்தையை நெடுநேரம் மடியில் வைத்தலும், கருவுற்ற பெண்கள் ஒட்டி அமர்தலும் ஆகா. பேரனைத் தூக்காதே என்று பெரியப்பாவிடம் சொன்னதே அவருக்கு எரிச்சலினும் பெருந்துன்பமாயிற்று. முதற்சில நாள் சிறுநீரை வடிகட்டச் சொல்வர். விதை வெளிவந்தால் விரலால் எடாது, கரண்டியாலெடுத்து மருத்துவமனை தந்த கலத்தில் இடவேண்டும். பின்னாளில் மலத்தோடு குருதி கண்டால், இவர் விதை பெற்றவர் என்பதை எந்த மருத்துவரிடமும் முதலில் சொல்லவேண்டும். மலக்குடலின் முன்சுவரில் தசையெடுத்துப் பார்த்தல் ஆறாப் புண்ணாகி, இரு வழிகளும் ஒன்றாகிவிடும் கொடுமைக்கு இடந்தரும்.

மற்றொன்று, மங்கலமற்றதாயினும் சொல்லியாக வேண்டும். அயோடின் விதை வைத்து 12 மாதத்திற்குள் அவர் எக்காரணத்தாலேனும் இறக்க நேர்ந்தால், தகனஞ் செய்யுமுன் மருத்துவமனைக்கு அறிவித்தல் வேண்டும். அனைத்துலகக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக் குழுவினர் வகுத்த அறிவுரை இது. சாம்பலில் கதிர் எஞ்சுமென்பது காரணம். நம் குடும்பங்களில் இரவோடிரவாக எடுத்துவிடும் வழக்கம் உண்டாதலால், வீட்டில் ஒருவராவது இதனை அறிந்திருக்க வேண்டும். பெரியம்மாவிடம் இதனைச் சொல்லும் பணி எமக்கு வாய்த்தது. அவர் சற்று நேரம் பேசாதிருந்து, "அந்தச் சீட்டை எங்கே வைத்திருக்கிறாய்? எனக்குத் தெரிகிற இடத்தில் வை" என்றார். அவ்வளவே.

இது நம்மனோர்க்கு எட்டுமா என்று கேட்பீர்கள். மும்பையிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தார் இவ்வயோடின் விதையை உள்நாட்டிலேயே செய்தனர். சென்னைச் சங்கர நேத்ராலயத்தார் அதனைக் கண்ணுட் புற்றுக்குப் பயன்படுத்தினர். புராஸ்டேட்டுக்கு விதை வைக்கும் இடங்கள் நம் நாட்டிற் சிலவே. ஆயின் கருப்பைவாய்ப் புற்றுக்காக இரிடியம்-192 கொண்டு உட்கதிர் தரும் பொறி நாட்டின் பல புற்றுநோய் மருத்துவமனைகளில் உள்ளது. அப்பொறியால் ஊசிவழியே சில நிமிடம் கதிரைச் செலுத்தி மீட்டுக்கொள்ளும் முறையும் இந்நோய்க்கு உண்டு. அதில் உடலுள் ஒன்றும் எஞ்சாது. எது தகுமென்று சொல்ல வல்லவர் மருத்துவரே. கேட்க வேண்டியவர் நாம்.

பெரியப்பாவின் எண் ஓராண்டில் 0.8 ஆயிற்று, அதன் மறுவாண்டு 0.3. இப்போது இரவில் இருமுறை எழுகிறார். பந்தியில் உட்காருகிறார். அடுத்த சோதனை வரும் மாசியில். தாள்கள் பஞ்சாங்கத்தில் இல்லை. கடைக் கல்லாப்பெட்டியின்மேல், வருவோர் போவோர் காண, ஒரு கம்பியிற் குத்தியிருக்கின்றன. கதிர் பெற்றவர் எவரேனும் இவ்வவையில் இருந்து, தம் தாளை எடுத்து வந்திருந்தால், கூட்டம் கலைந்தபின் எம்மிடம் காட்டலாம். தாழ்ந்த படியைக் கண்டு இரண்டைக் கூட்டிச் சொல்லும் அளவுக்கு எமக்குக் கணக்குத் தெரியும். மேற்கொண்டு எவரிடம் போவதென்பதைக் கூடிப் பேசுவோம்.